படுவான்கரையில் படிக்க வேண்டிய பட்டம்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடந்து மாவட்டத்தை இரண்டு கரைகளாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையே எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. போதனா வைத்தியசாலை, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம், தாதியர் பயிற்சிக் கல்லூரி எல்லாம் கிழக்குக் கரையிலேயே அமைந்துவிட்டன. மேற்குக் கரையின் பெரும்பகுதி மகிழடித்தீவு, மண்டூர், கரடியனாறு போன்ற சிறு வைத்தியசாலைகளையே நம்பி வாழ்கிறது. 2014 இல் திறந்த மண்முனைப் பாலம் பயணத்தைக் குறுக்கியது உண்மை. ஆனால் மாரி வெள்ளம் வீதிகளை மூடும்போது, 2011 ஜனவரியில் மூடியதுபோல, பாலம் இருந்தும் பயனில்லை. தாதியர் கல்வியோடும் கிராமக் கிளினிக்குகளோடும் நெடுங்காலம் பழகியதில் என்னுள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. முதல்நிலைப் பராமரிப்புக்கென்று தாதியருக்குப் பட்டப்பின் கல்வி தொடங்குவதானால், அது எழுவான்கரையின் விரிவுரை மண்டபத்தில் முடிந்துவிடக் கூடாது. அதன் பெரும்பகுதி படுவான்கரையின் சிறு வைத்தியசாலைகளிலேயே நடக்க வேண்டும். அங்கே போய்ச் சேவை செய்பவரை அங்கேயே உருவாக்கினால்தான் அந்தப் பட்டத்துக்குப் பொருள் உண்டு.

நான் பேசுவது எந்த வகைத் தாதியைப் பற்றி என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, நோயை இனங்கண்டு, வரையறுத்த மருந்துகளைத் தாமே எழுதி, தம் எல்லைக்கு அப்பாற்பட்டதை உரிய நேரத்தில் மேல் வைத்தியசாலைக்கு அனுப்பி, திரும்பி வந்தவரைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பை ஏற்கும் தாதியே இவர். மேலை நாடுகளில் இவர்களை நேர்ஸ் பிரக்டிஷனர் என்கிறார்கள். 1965 இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெற்றா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஃபோர்ட் கொலராடோவின் கிராமப்புறங்களில் பொதுச் சுகாதாரத் தாதியாக வேலை செய்தவர். வைத்தியர் எட்டாத இடத்துக் குழந்தைகளின் தேவையிலிருந்துதான் அந்தப் பாடத்திட்டம் பிறந்தது. அந்தத் தொடக்கத்தை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டு, இது பெரிய நகர வைத்தியசாலைகளுக்குரிய ஏற்பாடு என்று எண்ணுகிறார்கள். சர்வதேசத் தாதியர் பேரவை 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் இத்தகைய பணிக்கு முதுமாணித் தகைமையைக் குறைந்தபட்ச அளவாகப் பரிந்துரைக்கிறது. இலங்கையில் தாதியருக்கான முதற்பட்டப் படிப்பு 1994 இல் திறந்த பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பின்னர் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு எனப் பரவியது. ஆனால் முதுமாணி முடித்தவர்கள் பெரும்பாலும் விரிவுரைக்கோ நிர்வாகத்துக்கோ போய்விடுகிறார்கள். நோயாளியின் முன்னால் உட்காரும் உயர்கல்விப் பாதை இன்னும் திறக்கவில்லை.

இந்தப் பாதை இப்போது ஏன் தேவை என்பதற்கு நோய்களின் மாற்றமே முதற்காரணம். இலங்கையில் நிகழும் மரணங்களில் பத்தில் எட்டு அளவு தொற்றா நோய்களால் வருகின்றன. 2021 ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் இருப்பதாகச் சொன்னது. பிரஷரும் சீனி வருத்தமும் ஒரு தடவை மருந்து கொடுத்து முடிக்கக்கூடியவை அல்ல; முப்பது ஆண்டு கூடவே வரும் வருத்தங்கள். இவற்றுக்கு வேண்டியது மாதந்தோறும் ஒரே முகம், மருந்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கும் பொறுமை, சமையலறையில் என்ன வேகிறது என்ற அறிவு. கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பழைய சீட்டைப் பார்த்து அதே மருந்தைத் திருப்பி எழுதவே நேரம் போதும். பாதத்தின் விறைப்பைத் தொட்டுப் பார்க்க நேரம் இராது. சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் வேளாண்மைக்காரருக்கு அந்த விறைப்புத்தான் காலை இழப்பதற்கான முதல் அறிகுறி. 2011 முதல் நாடெங்கும் அமைத்துவந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் நோயைக் கண்டுபிடிக்க உதவின. கண்டுபிடித்தவரை ஆண்டுக்கணக்கில் கைவிடாமல் கொண்டுபோகும் ஆள்தான் குறைவு. கண்டுபிடித்துவிட்டுப் பின்தொடராத நோய், கண்டுபிடிக்காத நோயைவிட அதிகம் நல்லதாக முடிவதில்லை.

இந்த யோசனை வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ளுவோருக்கு நம் நாட்டு வரலாறே பதில். 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இலங்கை தன் கிராமச் சுகாதாரத்தை வைத்தியரல்லாத பயிற்சி பெற்ற பெண்களின் கையில் நம்பிக்கையோடு ஒப்படைத்து வந்திருக்கிறது. 1930 களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000 ஐத் தாண்டியிருந்த தாய் மரணம் இன்று 30 இன் அளவுக்கு இறங்கியதில், வீடு தேடிப் போன குடும்பநல உத்தியோகத்தருக்குப் பெரும் பங்கு உண்டு. மலேரியா ஒழிப்பும் பெண் கல்வியும் இலவச வைத்தியமும் கூடவே உதவின. இன்னொரு முன்னோடியும் நமக்குண்டு. அப்போதிக்கரி என்று ஊரார் அழைத்த உதவி வைத்தியர்கள் பல தசாப்தங்களாகக் கிராம மருந்தகங்களைத் தனியே நடத்தினார்கள். பின்னர் அந்தப் பயிற்சி நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் ஓய்வுபெற்றதும் அந்த இடங்களை நிரப்பப் புதியவர்கள் வரவில்லை. இந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: இடைநிலைப் பணியாளர் ஊரில் நிலைப்பதற்கு அவர் கற்ற விதமும் அவருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தருக்குப் பின்னால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இருந்தது. அதனால் அவர் நிலைத்தார். உதவி வைத்தியருக்குத் தொடர்கல்வியோ மேலே ஏறும் வழியோ போதிய அளவில் இல்லை. அதனால் அவர் அடுத்த தலைமுறை இல்லாமல் போனார்.

சான்று என்ன சொல்கிறது? கனடாவின் பேர்லிங்டன் நகரில் நடந்து 1974 இல் வெளியான ஆய்வில், குடும்பங்கள் தாதியிடமும் வைத்தியரிடமும் சமவாய்ப்பு முறையில் பிரித்து அனுப்பப்பட்டன. நோயாளரின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2000 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் 1,316 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வும் அதையே சொன்னது. 2018 இல் கொக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல்நிலைப் பராமரிப்பில் தாதியர் தரும் சிகிச்சையின் பயன் வைத்தியருடையதற்கு நிகராகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்தது. நோயாளரின் திருப்தி கூடியிருந்தது. ஒவ்வொருவருக்கும் அதிக நேரம் கொடுக்கப்பட்டது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை செல்வந்த நாடுகளில் நடந்தவை என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தென்னாபிரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சையைத் தாதியரே தொடங்கவும் கண்காணிக்கவும் விட்டுப் பார்த்த ஆய்வுகள் 2010 இலும் 2012 இலும் வெளிவந்தன. வைத்தியர் நடத்திய முறையைவிட அது பின்தங்கவில்லை. மருந்தும் ஆளும் குறைந்த, தூரம் கூடிய நாட்டில் கிடைத்த சான்று அது. நமக்கு அதுவே நெருக்கமானது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக நின்ற ஒன்றை நான் கவனித்தேன். அந்தத் தாதியருக்குத் தெளிவான நெறிமுறையும், கூப்பிட்டால் பதில் சொல்லும் வைத்தியரும், முறையான பயிற்சியும் இருந்தன. அவை இல்லாத இடத்தில் இந்தப் பெறுபேற்றை எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

அந்த முறையான பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் மையம். போதனா வைத்தியசாலை விடுதிக்கு வரும் நோயாளியை யாரோ ஏற்கெனவே பார்த்து, பெயர் சூட்டி, கட்டிலில் கிடத்தியிருப்பார்கள். கிராமத்து வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரிடம் பெயர் இல்லை. நெஞ்சு எரியுது, நாரி நோகுது, ரெண்டு நாளாகக் காய்ச்சல், ஒரே களைப்பு என்ற முறைப்பாடுதான் இருக்கும். நெஞ்செரிவு என்று வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரைப்பைத் தொல்லை. அந்தப் பத்தாவது ஆளுக்கு மாரடைப்பு. பத்தாவது ஆளைப் பிரித்தறிவதுதான் முதல்நிலைப் பராமரிப்பின் கலை. ஏற்கெனவே வடிகட்டப்பட்ட நோயாளரை மட்டும் பார்த்தால் அதைக் கற்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2010 இலும் 2021 இலும் வெளியிட்ட வழிகாட்டல்கள், கிராமத்தில் பணியாளரைத் தக்கவைக்கக் கல்வியோடு இணைத்துச் சொல்லும் வழிகளில் மூன்று இவை: கிராமத்தில் வளர்ந்தவர்களைத் தெரிந்தெடுங்கள், கல்வி நிலையத்தை நகரத்துக்கு வெளியே கொண்டுபோங்கள், கற்கும் காலத்திலேயே கிராமப் பணியைப் பழக்குங்கள். தாய்லாந்து கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் படிப்பித்து அவர்களின் மாவட்டத்துக்கே திருப்பியனுப்பும் வழியைப் பல்லாண்டாகக் கையாண்டு வந்திருக்கிறது. படித்த இடத்தோடு மனம் ஒட்டும் என்பதை மறுப்பவர் யாரும் இருக்க மாட்டார்.

அதனால் இரண்டு ஆண்டு முதுமாணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி படுவான்கரையின் வைத்தியசாலைகளிலும் வீடுகளிலும் கழிய வேண்டும் என்பது என் முன்மொழிவு. மிகுதி போதனா வைத்தியசாலையில் விபத்துப் பிரிவு, குழந்தைகள், மகப்பேறு, மனநலம் ஆகிய இடங்களில் கழியலாம். பாடத்திட்டத்தை அமெரிக்கப் புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்து எடுக்காமல், இங்கே வரும் நோயாளரின் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். வயல் வேலை நடக்கும் மாதங்களில் எலிக்காய்ச்சல். அதற்குச் சேற்றில் இறங்குவோருக்கு முற்காப்பாக டொக்சிசைக்ளின் கொடுக்கும் நாட்டு வழக்கமும், கண் சிவந்து தசை நோவோடு வரும் காய்ச்சலைப் பிரித்தறியும் பயிற்சியும் வேண்டும். டெங்கில் காய்ச்சல் விடும் நாளே ஆபத்துத் தொடங்கும் நாள் என்பதையும், பனடோல் தவிர்ந்த வலி மாத்திரைகள் கூடாது என்பதையும் பெற்றோருக்கு விளங்கும்படி சொல்லப் பழக வேண்டும். நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று நோவோடும் இமை சரிவோடும் வந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். கட்டுப்போட்டு நேரம் போக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். வாவிக்குள் மாந்தீவில் தொழுநோயாளரைத் தனியே வைத்து வைத்தியம் செய்த காலம் நம் மாவட்டத்துக்கு உண்டு. இன்று அதே நோய்க்கு வீட்டிலிருந்தே மாத்திரை எடுக்கலாம். உணர்ச்சியற்ற வெளிர்த் தேமலை முதல் நாளே சந்தேகிக்கும் கண் மட்டும் வேண்டும். அந்தக் கண் தாதிக்கு இருந்தால் ஒரு கையின் விரல்கள் காப்பாற்றப்படும்.

கற்பிக்கும் முறையைப் பற்றி இனிப் பாடத்திட்டம் எழுத உட்காருவோருக்குச் சில யோசனைகள். ஒவ்வொரு மாணவரும் தாம் பார்த்த நோயாளரைப் பற்றி மூன்று விடயத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்: நான் என்ன நினைத்தேன், எதை நினைத்து விலக்கினேன், என் எண்ணம் பிழைத்தால் எந்த அறிகுறி வரும் என்று நோயாளிக்குச் சொன்னேன். மூன்றாவது கேள்விதான் உயிரைக் காக்கிறது. பெரும்பாலான தவறுகள் அறியாமையால் வருவதில்லை. முதல் நாள் சரியாகத் தோன்றிய முடிவை மூன்றாம் நாள் மீண்டும் பார்க்காததால் வருகின்றன. மேல் வைத்தியசாலைக்கு எழுதும் கடிதத்தையும் மதிப்பிட வேண்டும்; நோயாளியின் நிலை, கொடுத்த மருந்து, கேட்கும் கேள்வி ஆகிய மூன்றும் தெளிவாக இல்லாத கடிதம் நோயாளியை வெறுங்கையோடு அனுப்புவதற்குச் சமம். பதில் கடிதம் திரும்பி வருகிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வராவிட்டால் அது பல்கலைக்கழகம் தீர்க்க வேண்டிய பிரச்சினை, மாணவர் சுமக்க வேண்டியதல்ல. நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கியதற்குப் பாராட்டுக் கொடுப்பதைப்போல, தேவையில்லை என்று தவிர்த்ததற்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் கொடுக்காமல் இருக்கும் துணிவு வரும்.

மருந்தெழுதும் அதிகாரம் பற்றிப் பேசும்போது பயம் எழுவது இயல்பு. அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்தே தொடங்க வேண்டும். இங்கிலாந்தில் 1986 இல் கம்பர்லெட்ஜ் அறிக்கை வீட்டுக்குப் போகும் தாதியர் சில மருந்துகளை எழுதலாம் என்று பரிந்துரைத்தது. தொண்ணூறுகளில் சிறு பட்டியலோடு தொடங்கி, தகுதிபெற்ற தாதியருக்கு ஏறத்தாழ முழு மருந்துப் பட்டியலும் 2006 இல் திறந்தது. அதாவது நம்பிக்கை கட்டியெழுப்பப்பட இருபது ஆண்டு எடுத்தது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்ற எண்ணமே இந்த நாட்டுக்கு அந்நியமல்ல. பேராசிரியர் சேனக்க பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது தேவையான குறைந்த மருந்துகளை நல்ல விலைக்கு எல்லோருக்கும் கொடுப்பதே நோக்கம். படுவான்கரைத் தாதிக்கும் அதே வழியில் ஒரு சிறு பட்டியல் போதும்: குருதியமுக்கம், நீரிழிவு, முட்டு வருத்தம் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே வைத்தியர் தொடங்கிய மருந்தைத் தொடரவும் அளவை மாற்றவும், சில சாதாரணத் தொற்றுகளுக்கு மருந்து, அவசரத்துக்கு முதல் மருந்து. ஐந்து ஆண்டு கழித்துப் பதிவேடுகளைப் பார்த்துப் பட்டியலை விரிக்கலாம் அல்லது குறுக்கலாம். முதல்நாளே எல்லாவற்றையும் கேட்பவர் எதையும் பெறமாட்டார்.

அடுத்தது மொழியும் வீடும். பட்டப்பின் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கட்டும். உலகத்தின் ஆய்வுகள் அந்த மொழியில் இருக்கின்றன. ஆனால் பரீட்சையின் ஒரு பகுதி தமிழில், நோயாளியின் முன்னால், பரீட்சகரின் காதுக்கு எட்டும்படி நடக்க வேண்டும். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த நாட்டில் இது புதுமை அல்ல. நம் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். பெண் நோயாளர் பெண் தாதியிடம் மட்டுமே சொல்லும் வருத்தங்கள் பல. ரம்ழான் நோன்பில் இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது, கோயில் விரதத்தில் சீனி மாத்திரையை என்ன செய்வது என்பவை நம் கிளினிக்கின் முக்கியக் கேள்விகள். பரிசாரியிடம் போய்விட்டு வருபவரைக் கண்டிக்காமல், அங்கே என்ன குடித்தார் என்று கேட்கத் தெரிந்த தாதியிடமே உண்மை வெளிப்படும். கடன் சுமையும் குடியும் போர்க்கால இழப்பும் தூக்கமின்மையாகவும் உடல் நோவாகவும் மாறி வருவதை அறிய வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்பதை மாணவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்; கேட்காமல் விடுவதே ஆபத்து.

முதல் ஆட்சேபணை வலுவானது: நகரத்தவருக்கு வைத்தியர், கிராமத்தவருக்குத் தாதியா? ஏழைக்கு இரண்டாம் தர வைத்தியமா? இதைக் கேட்பவரின் நியாய உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் ஒப்பிட வேண்டியது கற்பனையில் உள்ள நிரந்தர வைத்தியரோடு அல்ல. அடிக்கடி மாறுவதும் சில நாட்களில் மட்டும் வருவதுமான இன்றைய நிலைமையோடு. நான் கேட்பது வைத்தியரை அகற்றுவதற்கல்ல. ஒவ்வொரு சிறு வைத்தியசாலையிலும் வைத்தியர் இருக்க, அவரோடு சேர்ந்து தொடர்ச்சியைக் காக்கும் உயர்கல்வித் தாதி இருப்பதற்கு. அப்படியொரு தாதியை எழுவான்கரையின் கிளினிக்குகளிலும் நியமிக்க வேண்டும். நகரமும் அதே சேவையைப் பெற்றால் இரண்டாம் தரம் என்ற குற்றச்சாட்டுத் தானே விழும். இரண்டாவது ஆட்சேபணை, ஆண்டுதோறும் வைத்தியர்கள் பட்டம் பெற்று வருகிறார்களே என்பது. கிழக்குப் பல்கலைக்கழகமும் வைத்தியர்களை உருவாக்குகிறது; அது பெருமை. ஆனால் அவர்களின் பட்டப்பின் பயிற்சிப் பாதை கொழும்புக்கும் கண்டிக்கும் வெளிநாட்டுக்கும் இட்டுச் செல்வது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பலர் நாட்டைவிட்டே சென்றுவிட்டார்கள். கிராமத்தில் தங்குவதற்கே வடிவமைத்த பட்டப்பின் பாதை வேறொன்று வேண்டும்.

மூன்றாவது, தாதியரே போதாதபோது விடுதிகளிலிருந்து அவர்களைப் பிரித்தெடுப்பதா என்ற கேள்வி. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் எடுத்தால் விடுதிகள் வெறுமையாகிவிடா. கிராமத்திலேயே கட்டுப்படுத்திய சீனி வருத்தம் போதனா வைத்தியசாலையில் ஒரு கட்டிலை விடுவிக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்காவது, முதுமாணி எடுத்ததும் வெளிநாடு போய்விடுவார்கள் என்ற அச்சம். போவதற்குக் காரணம் பட்டமல்ல. பட்டத்துக்குரிய வேலை இங்கே இல்லாமை. எல்லாக் கதவும் மூடியிருக்கும் வீட்டிலிருந்து பிள்ளை வெளியேறினால் பிள்ளையைக் குறைசொல்லி என்ன பயன்? ஒப்பந்தச் சேவைக் காலம் விதிக்கலாம். ஆனால் அதைவிட முக்கியம் நல்ல தங்குமிடம், பிள்ளைகளின் பாடசாலை, பாதுகாப்பான பயணம், பதவி உயர்வு. ஐந்தாவது, ஏற்கெனவே பொதுச் சுகாதாரத் தாதியர் பயிற்சி இருக்கிறதே, முதுமாணி எதற்கு என்பது. அந்தப் பயிற்சியை நான் உயர்வாக மதிக்கிறேன்; இந்த முதுமாணிக்கு முதல் நுழைவாயிலாக அவர்களையே நிறுத்த வேண்டும். ஆனால் தடுப்புப் பணியும் வீட்டுத் தரிசிப்பும் வேறு. இனம் தெரியாத முறைப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்பது வேறு. பின்னதற்கு மருந்தியலும் நோய்க்குறியியலும் ஆய்வைப் படிக்கும் திறனும் ஆழமாக வேண்டும். அதற்கேற்ற கல்வி கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுப்பது தாதிக்கும் நோயாளிக்கும் செய்யும் அநீதி.

எல்லாவற்றிலும் கடினமான பாடத்தை இந்தியாவிடமிருந்து கற்கலாம். அங்கே இந்தியத் தாதியர் பேரவை தீவிர சிகிச்சைத் தாதியருக்கு இரண்டாண்டு முதுநிலை வதிவிடப் பயிற்சியைத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. படித்து வெளிவந்த பலர் தம் கல்விக்குரிய தனிப் பதவி இல்லாமல் பழைய பணிக்கே திரும்புவதை அங்குள்ள தாதியர் கல்வியாளர்களே சுட்டிக்காட்டி வருகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வேறு திசையில் நடந்தது. பதவியையும் ஊதியத்தையும் மருந்துப் பையையும் முதலில் ஏற்படுத்திவிட்டு, பெண் தன்னார்வலரையும் தாதியரையும் வீடு வீடாக அனுப்பியது. அந்த ஒழுங்கு நமக்கு வேண்டும். இலங்கையில் வைத்தியக் கட்டளைச் சட்டம் 1927 க்குரியது. தாதியர் பேரவைச் சட்டம் 1988 க்குரியது. மருந்து ஒழுங்குமுறைச் சட்டம் 2015 க்குரியது. இவை எழுதப்பட்டபோது இத்தகைய தாதி யாருடைய மனதிலும் இல்லை. முதல் மாணவர் சேருமுன்பே பதிவுப் பிரிவு, மருந்துப் பட்டியல், பொறுப்புக் காப்பு, சம்பள அளவு நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் முதல் அணியை வெளிவிடுவதைவிட ஓராண்டு பிந்தித் தொடங்குவது நல்லது.

இந்தப் பாதையை விரும்பும் இளம் தாதியருக்கும் சில வார்த்தைகள். பட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கிளினிக்கில் மருந்து நிறுத்திய பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அது உங்கள் முதல் ஆய்வு. ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து நல்ல நெஞ்சு எப்படிச் சத்தம் தரும் என்பதை நூற்றுக்கணக்கான நலமானவர்களிடம் கேட்டுப் பழகுங்கள். நலத்தை அறியாத காதுக்கு நோய் பிடிபடாது. உங்கள் வைத்தியரிடம் ஒரு நோயாளியைச் சொல்லும்போது வரிசையாகச் சொல்லப் பழகுங்கள்: யார், என்ன முறைப்பாடு, என்ன கண்டீர்கள், என்ன நினைக்கிறீர்கள், என்ன வேண்டும். அந்த வரிசை வைத்தியரின் நம்பிக்கையைப் பெற்றுத்தரும். அந்த நம்பிக்கைதான் எதிர்காலத்தில் உங்கள் அதிகாரத்துக்கு அடித்தளம். ஆங்கில ஆய்வுக் கட்டுரையை வாரம் ஒன்று வாசியுங்கள். வாசித்ததைத் தமிழில் சக தாதிக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் விளங்கவில்லை என்று கொள்ளுங்கள். எனக்குத் தெரியவில்லை, அனுப்புகிறேன் என்று நோயாளியிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பல்கலைக்கழகமும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் இந்த ஆண்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. படுவான்கரையில் இரண்டு வைத்தியசாலைகளைக் கற்பிக்கும் நிலையங்களாக அறிவித்து, அங்கே ஒரு பொது வைத்தியரையும் அனுபவமுள்ள தாதியையும் கற்பிப்போராக நியமித்து, இணைய இணைப்பும் மாணவர் தங்குமிடமும் அமைத்து, ஏற்கெனவே உள்ள இளமாணித் தாதிய மாணவரை அங்கே சில வாரங்கள் அனுப்பித் தொடங்கலாம். முதுமாணிக்குச் சட்டம் வரும்போது கற்பிக்கும் இடமும் கற்பிக்கப் பழகியவர்களும் தயாராக இருப்பார்கள். சட்டம் பிந்தினாலும் அந்த இடங்களில் நோயாளருக்குக் கிடைத்த கூடுதல் கவனிப்பு வீண்போகாது. மட்டக்களப்பின் மேற்குக் கரை நீண்ட காலமாகத் தன் பிள்ளைகளைப் படிக்க அக்கரைக்கு அனுப்பி வந்திருக்கிறது. இனி அறிவு அந்தக் கரைக்கு வந்து அங்கேயே கற்பிக்கட்டும். அங்கே கற்றவர் அங்கேயே நோயாளரைப் பார்க்கட்டும். அது நடக்கும்வரை இந்தக் கோரிக்கையைத் தாதியரும் வைத்தியரும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.